தொழில்முனைவுத் தாளை நடத்தப்போகிறவர்களுக்கு

பி.காம்., பி.பி.ஏ. பிள்ளைகளுக்குத் தொழில்முனைவோர் மேம்பாடு தாளை முதல்முறையாக எடுக்கப்போகிறீர்களா? முதல் அலகிலேயே ‘தொழில்முனைவோரின் பண்புகள் யாவை?’ என்ற கேள்வி நிற்கும். துணிவு, விடாமுயற்சி, தலைமைத்திறன் என்று கடகடவென எழுதிவிடுவார்கள். அதற்கு நீங்கள் தேவையில்லை, கைடு போதும். வகுப்பு நேரத்தை வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்கவும் கணக்குப் போடவும் பழக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்பதற்குத்தான் நான் அதிக வாரங்கள் ஒதுக்குகிறேன். சும்மா வெளியே அனுப்பினால், ‘இப்படி ஒரு ஆப் வந்தா வாங்குவீங்களாண்ணா?’ என்று கேட்டுவிட்டு வருவார்கள். காலேஜ் பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும்போது யாருக்கு இல்லை என்று சொல்ல மனசு வரும்? அறிக்கையில் அதுவே அமோக ஆதரவு என்று ஏறிவிடும். அதனால் என் வகுப்பில் ‘வாங்குவீர்களா’ என்று கேட்கத் தடை. போன தடவை என்ன செய்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எதில் எரிச்சல் வந்தது என்று நடந்ததை மட்டும்தான் கேட்கலாம்.

விடுதி மாணவர்களுக்குத் துணி துவைத்துத் தரும் ஆப் யோசனையோடு ஒரு குழு வந்தது. விடுதியில் விசாரித்தால், துவைக்க யாருமே காசு கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளியோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அயர்ன் கடைக்கு மட்டும் வாராவாரம் காசு போகிறது. எரிச்சலெல்லாம், கடை மூடுவதற்குள் ஓடிப்போய்ச் சட்டையை வாங்குவதில். குழு ஆப்பை விட்டுவிட்டு, சட்டைகளைச் சேகரித்துத் தேய்த்துவாங்கித் தரும் வேலையைப் பிடித்துக்கொண்டது.

கணக்குக்குக் கல்லூரி விழாவில் ஒரு ஜூஸ் கடையே தாராளம். ஸ்டால், பேனர் செலவு 700 ரூபாய். பழம், சர்க்கரை, ஐஸ், கப் சேர்த்து ஒன்றுக்கு 8 ரூபாய், விலை 15 என்று வையுங்கள். கப்புக்கு 7 ரூபாய் நிற்கும். 100 கப் போனால் போட்ட காசு வந்துவிடும். சரி, நாள் முழுக்க நின்ற நாலு பேருக்குக் கூலி? தலைக்கு 300 என்றாலும் 272 கப் விற்றாகவேண்டும். ‘நம்ம பசங்கதானே சார்’ என்று நழுவப் பார்ப்பார்கள், விடாதீர்கள். இதைப் போட்டுப் பார்த்தவர்கள் தேர்வில் இலாப நட்டமற்ற புள்ளிக்குச் சூத்திரத்தோடு நிற்காமல் சொந்தக் கணக்கையே எழுதுகிறார்கள்.

பாடத்தில் வரும் காக்கிநாடா சோதனையை இரண்டு வரியில் தாண்டிவிடாதீர்கள். 1964-ல் அமெரிக்க உளவியலாளர் மெக்கிளெலண்டு ஆந்திராவிலுள்ள அந்த ஊர்ச் சிறுதொழில்காரர்களுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி, அதாவது சாதிக்கவேண்டும் என்ற வேட்கையை வளர்க்கும் பயிற்சி, கொடுத்துப் பார்த்தார். அதன்பின் அவர்கள் தொழிலில் சுறுசுறுப்பு கூடியது, மரபான நம்பிக்கைகள் தடையாகவும் இல்லை. ‘எங்க குடும்பத்துல யாருக்கும் வியாபாரம் வராது மேடம்’ என்று ஒதுங்கும் பெண்ணுக்கு இதை விரிவாகச் சொல்லலாம். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவான உத்யம் பதிவை வகுப்பிலேயே திறந்து காட்டுங்கள். அது இலவசம் என்று தெரியாமல் ஏஜெண்டிடம் காசைக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்புறம் இன்டர்னல் மார்க். இலாபத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் சித்தப்பாவே பாதிச் சரக்கை வாங்கிவிடுவார். பேசியவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதிய நோட்டுக்கும், பில்லோடு ஒத்துப்போகும் வரவுசெலவுக்கும் போடுங்கள். நோட்டில் எல்லாரும் ‘சூப்பர்’ என்றே சொல்லியிருந்தால் திரும்ப அனுப்பிவிடுங்கள்.