ஊக்கு, எண் அட்டை, விளக்கெண்ணெய்

எங்கள் நடனச் சங்கக் கிளையின் மொத்தச் சொத்தும் என் கார் டிக்கியில் அடங்கிவிடும். இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். ஒன்றில் எண் அட்டைகள், ஊக்கு டப்பா, பெண்களின் ஷூ குதிகாலில் மாட்டும் பிளாஸ்டிக் மூடிகள். இன்னொன்றில் ஒலிபெருக்கி, வயர்கள், பெயர்ப் பட்டைகள், யாரோ விட்டுவிட்டுப் போன வெள்ளி நிறச் செருப்பு ஒற்றை. பொருளாளர் என்பதால் வருடா வருடம் இதற்கெல்லாம் கணக்கு எழுதுவதும் நான்தான். அந்த ஒற்றைச் செருப்பை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

நியூ ஜெர்சியில் பகலெல்லாம் அடுத்தவர் கம்பெனிக் கணக்கைப் பார்க்கும் வேலை எனக்கு. மாலையிலும் வார இறுதியிலும் வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட் என்று ஜோடி நடனங்கள். பால்ரூம் போட்டியில் ஆடுகிறேன் என்று சொன்னால், "டிவியில எப்போ வருவீங்க அக்கா?" என்று கேட்கிறார்கள். வரவே மாட்டேன். நான் ஆடுவது ஏதோ ஒரு ஹோட்டல் ஹாலில், காலை எட்டு மணிக்கு. பார்க்க வந்திருப்பவர்கள் எல்லாம் அடுத்து ஆடப்போகிறவர்களின் கணவர்மார், அதிலும் பாதிப் பேர் தூக்கத்தில். ஆனால் அந்த எட்டு மணி ஆட்டத்துக்கும் நடுவர்கள் வரிசையாக நிற்பார்கள், பாட்டு சரியான வேகத்தில் ஓடும், மதியத்துக்குள் மதிப்பெண் பட்டியல் வெளியே வந்துவிடும். இதெல்லாம் தானாக நடப்பதில்லை. ஒரு சங்கம் வேண்டியிருக்கிறது.

எங்கள் தாய்ச் சங்கத்தின் பெயர் யூஎஸ்ஏ டான்ஸ். 1965-இல் தொடங்கியது. வெகுகாலம் யூஎஸ்ஏபிடிஏ என்று சொல்லவே நாக்கு சுளுக்கும் பெயரில் இருந்தது. தொழிலாக ஆடுபவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் போட்டி நடத்துபவர்களுக்கும் தனியாக நேஷனல் டான்ஸ் கவுன்சில் ஆஃப் அமெரிக்கா இருக்கிறது. அது 1948-இல் வந்தது. எங்களுடையது சம்பளத்துக்கு ஆடாதவர்களின் சங்கம். நர்ஸ்கள், வாத்தியார்கள், கல்லூரிப் பிள்ளைகள், ரிடையரான இன்ஜினியர்கள், என்னை மாதிரி கணக்குப்பிள்ளைகள். நாடு முழுக்க ஊருக்கு ஊர் கிளைகள் உண்டு. சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூட ஜிம்மிலோ மாதாமாதம் ஒரு நடன மாலை வைப்பார்கள். முதலில் புதியவர்களுக்கு ஒரு பாடம், அப்புறம் எல்லோருக்கும் ஆட்டம். தேசியப் போட்டியை நடத்துவதும், உலகப் போட்டிக்கு நாட்டின் சார்பில் ஜோடிகளை அனுப்புவதும் மேலிடத்து வேலை.

ஒலிம்பிக் ஆசை ஒன்று எப்போதும் இருந்தது. உலக அளவிலான நடன அமைப்பு 1957-இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் பிறந்தது. இன்றைக்கு அதன் பெயர் வேர்ல்ட் டான்ஸ்ஸ்போர்ட் ஃபெடரேஷன். 1997-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை அங்கீகரித்ததும் எங்கள் மூத்தவர்கள் பலர் குவிக்ஸ்டெப் நடனத்துக்குத் தங்கப் பதக்கம் வந்துவிட்டது மாதிரியே சந்தோஷப்பட்டார்களாம். கடைசியில் 2024 பாரிஸில் அந்த ஃபெடரேஷன் வழியாக உள்ளே போனது பிரேக்கிங். தலையை ஊன்றிச் சுழலும் இளவட்டங்கள். வால்ட்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் அந்த ஆசையோடு சேர்ந்து வந்த காகிதங்கள் மட்டும் போகவில்லை, நிலைத்துவிட்டன.

உதாரணத்துக்கு ஊக்கமருந்து விதி. ஒலிம்பிக் குடும்பத்தில் சேர்ந்தாயிற்று என்றால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலும் கூடவே வந்துவிடும். அதில் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரைகள் தடை. ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற சாதாரண பிரஷர் மாத்திரையும் அதில் அடக்கம். எங்கள் சீனியர் பிரிவில் பிரஷர் மாத்திரை போடாதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேரன் பேத்தி எடுத்த ஒருவர் ஃபாக்ஸ்ட்ராட்டில் 'இறகு அடி' (ஃபெதர் ஸ்டெப்) ஒன்றை நன்றாக வைப்பதற்காக ரத்த அழுத்தத்தில் சதி செய்வாரா என்று கேட்டால் பதில் இல்லை. மருத்துவர் கடிதத்தோடு விலக்கு கேட்கும் படிவம்தான் இருக்கிறது. படிவத்தை விளக்கிச் சொல்லும் வேலை பெரும்பாலும் கிளையில் இருக்கிற யாராவது ஒருவர் தலையில் விழும். எங்கள் கிளையில் அது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அதே வழியாக வந்த இன்னொரு விதியை நான் குறை சொல்ல மாட்டேன். விளையாட்டுத் துறையில் குழந்தைகள் மீது நடந்த பாலியல் குற்றங்கள் வெளியே வந்த பிறகு, 2017-இல் டென்வரில் சேஃப்ஸ்போர்ட் மையம் திறந்தார்கள். அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியின் கீழ் வரும் சங்கங்களில் சிறுவர் சிறுமியரோடு பழகும் பெரியவர்கள் அந்தப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். பத்து வயதுப் பெண்ணும் பையனும் கைகோத்துக்கொண்டு, உடை மாற்றும் அறைக்கும் மேடைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் இடம் இது. வாத்தியார் உடம்பைத் தொட்டுத்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்ற கலையும்கூட. இங்கே இது இல்லாமல் எத்தனை வருடம் ஓட்டினார்கள் என்றுதான் எனக்கு ஆச்சரியம். பயிற்சி முடித்த சான்றிதழ் இல்லாமல் குழந்தைகள் பிரிவில் என் மேசைக்கு உதவ வந்த ஒரு நல்ல மனுஷரை ஒருமுறை திருப்பி அனுப்பினேன். அவருக்குக் கோபம். இருக்கட்டும்.

போட்டி அன்று நான் ஆடாத நேரத்தில் பார்க்கும் வேலைக்கு டெக் கேப்டன் என்று பெயர். தளத்துக்குள் நுழையும் வாசலில், கையில் பட்டியலோடு நிற்க வேண்டும். அடுத்த சுற்றுக்கான ஜோடிகளை எண் பார்த்து டிக் அடித்து வரிசையில் நிறுத்த வேண்டும். முன்னால் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பாட்டு ஒன்றரை நிமிடம்தான், அது முடிவதற்குள் வரிசை தயாராக இருந்தாக வேண்டும். எண் அட்டை, ஜோடியை வழிநடத்தும் லீடரின் முதுகில், நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி. சுருங்கியிருந்தால் நடுவர் கண்ணுக்கு 6 எது 8 எது என்று தெரியாது. அதனால் வாசலில் நிற்கும் என் விரல்களுக்கு நாள் முழுக்க ஊக்கு குத்தும் வேலை. கைகளை உயர்த்திப் பிடிக்கும் ஃப்ரேமில் அட்டை மேலே இழுத்துக்கொள்ளும். ஆகவே, "கையத் தூக்குங்க" என்று சொல்லி, தூக்கிய நிலையிலேயே குத்துவேன்.

போன வசந்தகாலப் போட்டியில் ஒரு ஜோடி. சில்வர் பிரிவு, ஐந்து நடனங்களில் நான்காவது முடிந்து வெளியே வந்தார்கள், ஐந்தாவதுக்கு உடனே திரும்பிப் போக வேண்டும். அந்தப் பெண்ணின் ஸிப் முதுகில் பாதி வழியில் பிளந்து நிற்கிறது. மைக்கில் அவர்கள் எண்ணை ஒருமுறை கூப்பிட்டாயிற்று. பின்னால் நின்ற போட்டி ஜோடியின் பெண் ஒரு வார்த்தை பேசாமல் தன் முதுகைக் காட்டித் திரும்பி நின்று திரை மாதிரி மறைத்தாள். நானும் இன்னொருத்தியும் ஊக்குகளை வரிசையாகக் குத்திக்கொண்டே போனோம். அந்தப் பையன் செய்வதறியாமல் தன் ஷூ அடியை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருந்தான், அந்த மெல்லிய தோல் முழுக்கத் தேய்ந்துபோகும் அளவுக்கு. இரண்டாவது அழைப்பு வந்தபோது உள்ளே போய்விட்டார்கள். திரையாக நின்றவள் அந்தப் பிரிவில் அவர்களுக்கு அடுத்த இடத்தில் வந்தாள். அதற்குள் எனக்கு ஏழு புதிய கேள்விகள், எட்டாவதாக ஒருவர் விளக்கெண்ணெய் எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டு வந்தார்.

ஆமாம், விளக்கெண்ணெய். தளம் வழுக்கினால் ஒரு துணியில் அதைத் தடவி, ஷூவின் தோல் அடியை அதில் ஒற்றிக்கொள்வார்கள், பிடிப்பு வரும். ஹால்காரர்களுக்கு இது ஆகவே ஆகாது, தரையில் பிசுக்கு ஒட்டும் என்று பல இடங்களில் தடை. சின்ன வயதில் வாய் திறக்க வைத்து ஊற்றியதற்காகவே அந்தப் பாட்டிலைக் கண்டால் எனக்கும் ஆகாது.

சங்கத்தின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது பிரிவுகள்தான். பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, அதற்கு மேல் நாவிஸ், ப்ரீசாம்ப், சாம்பியன்ஷிப். பிரான்ஸில் எந்தெந்த அடிகள் ஆடலாம் என்று பட்டியல் உண்டு. வால்ட்ஸில் நேச்சுரல் டர்ன், ரிவர்ஸ் டர்ன், விஸ்க் எல்லாம் சரி. கான்ட்ரா செக் போட்டுக் கழுத்தை வளைத்து அசத்தலாம் என்று நினைத்தால் விதிமீறலைக் கவனிக்கத் தளத்தின் ஓரத்தில் நிற்கும் இன்விஜிலேட்டர் குறித்துக்கொள்வார். பிரான்ஸில் உடையில் கல் பதிக்கவும் எங்கள் போட்டிகளில் விடுவதில்லை. புதிதாக வருபவர்கள் இதைப் பள்ளிக்கூடக் கண்டிப்பு என்று நினைப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், பளபளக்கும் உடையின் விலையைப் பார்த்தே ஓடிப்போகிறவர்கள் எத்தனை பேர்! கல் கூடாது என்ற விதி இருப்பதால்தான் கறுப்புப் பாவாடையும் சாதாரண டாப்ஸுமாக என் போன்றவர்கள் தைரியமாகத் தளத்தில் இறங்குகிறோம். வயதுப் பிரிவும் அப்படித்தான். 35-இலேயே சீனியர் ஆக்கிவிடுவார்கள், முதலில் கொஞ்சம் வலிக்கும். அப்புறம் 45, 55, 65 என்று மேலே மேலே பிரிவுகள் போவதைப் பார்த்தால் வயதாவதே லாபம் என்று தோன்றும்.

இதற்கு நேரெதிர் ப்ரோ-ஆம். மாணவர் தன் ஆசிரியரோடு சேர்ந்து போட்டியில் ஆடுவது. ஆசிரியரின் நேரம், ஒவ்வொரு நடனத்துக்கும் பதிவுக் கட்டணம், ஹோட்டல் பேக்கேஜ் என்று ஒரு வார இறுதிக்கே ஆயிரக்கணக்கான டாலர் ஆகிவிடும். அமெரிக்காவில் பால்ரூம் தொழில் ஓடுவதே பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான், அதை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. ஆனால் ஒரு காலத்தில் நானும் ஒரு ஸ்டூடியோவில் அந்தக் கணக்கைக் கட்டிக்கொண்டிருந்தவள்தான். அங்கே "இன்னும் கொஞ்சம் பாடம் எடுத்தால் தயாராகிவிடுவீர்கள்" என்பார்கள், அந்தக் கொஞ்சம் முடியவே முடியாது.

அப்போது எனக்கு ஏன் சொந்த ஜோடி இல்லை என்றால், என் வீட்டுக்காரர் ஆடமாட்டார். ஆள் நல்லவர், கார் ஓட்டுவார், சாப்பாடு கட்டித் தருவார், தளத்தில் மட்டும் கால் வைக்கமாட்டார். இந்த உலகத்தில் ஆண் கிடைப்பது அரிது, கிடைத்தவரை நாலு பேர் முன்பே பேசி வைத்திருப்பார்கள். 2019-இல் நேஷனல் டான்ஸ் கவுன்சில் ஜோடி என்பதன் இலக்கணத்தை மாற்றியது, ஆணும் பெண்ணும் என்று இல்லை, யார் வேண்டுமானாலும் லீட் செய்யலாம், யார் வேண்டுமானாலும் ஃபாலோ செய்யலாம். எங்கள் பக்கமும் அப்படியே. கிளை நடன மாலைக்கு என்னைப் போலவே தனியாக வந்துகொண்டிருந்த பிலிப்பினோ நர்ஸ் ஒருவரும் நானும் சேர்ந்துகொண்டோம். லீட் நான், முதுகில் எண்ணும் எனக்கே.

கடைசியாக மதிப்பெண். தமிழ்த் தோழிகள் எல்லோரும் கேட்பது, "நூத்துக்கு எத்தனை போட்டாங்க?" நூற்றுக்கு எல்லாம் கிடையாது. இறுதிச் சுற்றில் ஒவ்வொரு நடுவரும் ஜோடிகளை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துவார், அவ்வளவுதான். அதை முடிவாக்கும் முறைக்கு ஸ்கேட்டிங் சிஸ்டம் என்று பெயர், பதினொரு விதிகள். பார்க்கப்படுவது கூட்டுத்தொகை இல்லை, பெரும்பான்மை. ஐந்து நடுவர்கள் என்று வையுங்கள். ஒரு ஜோடிக்கு 1, 1, 1, 6, 6. இன்னொரு ஜோடிக்கு 2, 2, 2, 1, 1. கூட்டினால் முதல் ஜோடிக்கு 15, இரண்டாவதுக்கு 8, குறைவுதான் நல்லது. ஆனால் அந்த நடனத்தில் ஜெயிப்பது முதல் ஜோடி. ஐந்தில் மூன்று பேர் அவர்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்களே! ஆறாவது போட்ட இரண்டு பேரின் வெறுப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்குக் கணக்கில் இடமில்லை. ஒரு நடுவர் வேண்டியவருக்குத் தூக்கிக் கொடுத்தாலும், வேண்டாதவரைக் கவிழ்த்தாலும் தனியாக ஒன்றும் பெரிதாகச் செய்துவிட முடியாது. பகல் முழுக்க சராசரிகளோடு குடும்பம் நடத்தும் எனக்கு இது முதலில் அபத்தமாகப் பட்டது. இப்போது ஆபீஸ் போனஸ் மதிப்பீட்டையும் இப்படியே போடலாமே என்று தோன்றுகிறது. இரண்டாமிடம் வந்த ஜோடிகள் பட்டியலோடு என் மேசைக்கு வந்து, "எங்கள் கூட்டுத்தொகைதானே குறைவு?" என்று கேட்கும்போது, காகிதத்தில் பெரும்பான்மையை வட்டம் போட்டுக் காட்டுவேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் அடுத்த போட்டிக்கும் பணம் கட்டுவார்கள்.

பக்கத்தில் இருந்தால் ஒரு நடன மாலைக்கு வந்து பாருங்கள். ஜோடி தேவையில்லை, அனுபவமும் தேவையில்லை, முதல் தடவைக்கு உறுப்பினர் சந்தாவும் கேட்க மாட்டோம். ஒன்று மட்டும்: ரப்பர் அடி வைத்த ஓடும் ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள். உடம்பு திரும்பும், பாதம் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும், முட்டி போய்விடும். பழைய தோல் செருப்பு எதுவாக இருந்தாலும் போதும். ஒற்றையாக இருந்தால், அந்த வெள்ளி நிறத்துக்குச் சொந்தக்காரர் நீங்கள்தானா என்று பார்த்துவிடலாம்.