கடியத்தில் வாங்கிய புது ரகங்களும் ஆட்டோவுக்கு அழுத தண்டமும்

சென்னையில் எந்த நர்சரிக்குப் போனாலும் சரி, கொஞ்சம் வித்தியாசமான செடியைக் கையில் எடுத்தால் ஒரே பதில்தான் வரும்: "அது புது ரகம் மேடம், கடியம் லோடு." இதைச் சொல்லிவிட்டார்கள் என்றால் விலை ஏறப்போகிறது என்று அர்த்தம். எங்கள் பகுதியில் ஒரு கடையில் நாலே நாலு இலை விட்ட சிவப்பு அக்லோனிமாவுக்கு (இலை அழகுக்காகவே வளர்க்கிற தொட்டிச்செடி) 650 ரூபாய் கேட்டார்கள். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தக் கடியத்துக்கே போயிடலாம் வா" என்றார். போய்விட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன். பஸ், ரயில், தங்குமிடம் என்று வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் செடிப் பேச்சு வந்துவிட்டால் வரிசை நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடியம் இருப்பது ஆந்திராவில், ராஜமுந்திரிக்குப் பக்கத்தில். சென்னை வழியாகக் காக்கிநாடா போகிற சர்க்கார் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் ராஜமுந்திரியில் இறங்கலாம். ரயில் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஆட்டோக்காரரைப் பற்றித்தான்.

நர்சரிகள் இருக்கும் கடியபுலங்காவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். 600 கேட்டவரிடம் பேசிப் பேசி 400 என்று முடித்தோம். சரி என்று ஏறி உட்கார்ந்தால், நாங்கள் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் பளபளவென்று போர்டு வைத்த ஒரு நர்சரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "இங்கேதான் எல்லாரும் வாங்குவாங்க" என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். உள்ளே போனால் கருப்பு இலை ஸீஸீ (ZZ) தொட்டிச்செடி 450 ரூபாய். பேரம் பேசினால் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. வெளியே வரும்போது ஆட்டோக்காரரும் கடை ஆளும் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், கமிஷன் விவகாரம் என்று புரிந்துவிட்டது. அங்கேயே இறங்கிக்கொள்கிறோம் என்றதற்கு வெயிட்டிங் சார்ஜ் என்று மேலே 200 கேட்டு நடு ரோட்டில் சத்தம் போட்டார். அண்ணி ஒரு ரூபாய் கூட அதிகம் தரவில்லை. நல்லது செய்தார். அங்கிருந்து உள்தெருவில் கொஞ்ச தூரம் நடந்து போனால் அதே கருப்பு ஸீஸீ, அதே உயரம், 180 ரூபாய்! ராஜமுந்திரியிலிருந்து ராவுலபாலம் போகிற பஸ்கள் இந்த வழியாகத்தான் போகின்றன. நீங்கள் போனால் பஸ்ஸில் போங்கள், இறங்கி உள்தெருக்களுக்குள் நடந்து போங்கள். நெடுஞ்சாலையைப் பார்த்து இருக்கிற கடைகளில் விசாரிக்க மட்டும் செய்யுங்கள்.

உள்தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் கடியம் என்றால் என்ன என்று தெரிந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பச்சை வலைப் பந்தல், அதற்கு அடுத்து இன்னொரு பந்தல், அதற்கும் அடுத்து தென்னைகளுக்கு நடுவே குரோட்டன்ஸ் பாத்திகள், இப்படியே கண்ணுக்கு எட்டிய மட்டும் போகிறது. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் கோதாவரித் தண்ணீர், பக்கத்தில் தவளேஸ்வரத்தில் 1852இல் கட்டி முடித்த அணையிலிருந்து பிரிந்து வருவது. கட்டியவர் ஆர்தர் காட்டன். நம் ஊருக்கும் அவர் அந்நியரில்லை, திருச்சி முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டியவரும் அவர்தான். கல்லணையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் என்று நாம் பெருமையாகச் சொல்வோம், இங்கே அவருக்கு ஊருக்கு ஊர் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த வாய்க்கால் ஓரத்தில் நின்று பார்த்தபோது அந்தச் சிலைகளுக்கான காரணம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆற்று வண்டல் மண், வருடம் முழுக்க ஈரம், கைத்தொழிலாகச் செடி வளர்க்கத் தெரிந்த ஜனங்கள். அலங்காரச் செடிக்கு வேறென்ன வேண்டும்?

எங்களுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு சின்ன நர்சரியில் சென்னைக்கு லோடு கொண்டுவந்து பழகின ஒருவர் இருந்தார். தமிழ் நன்றாகவே பேசினார். "அக்கா, விலை அப்புறம் பேசலாம், முதல்ல பாருங்க" என்று பந்தல் பந்தலாகக் கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் அடினியம். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வறண்ட காட்டில் வளர்கிற செடி, நாம் பாலைவன ரோஜா என்கிறோம். பழைய ஐந்து இதழ் இளஞ்சிவப்பு எல்லாருக்கும் தெரியும். இப்போது வருவதெல்லாம் தாய்லாந்து, தைவான் ஆட்கள் கலப்பு செய்து எடுத்த அடுக்கு இதழ் ரகங்கள். இதழுக்குள் இதழ், மஞ்சள், அரக்கு, கருஞ்சிவப்பு, ஓரத்தில் மட்டும் கோடு விட்டது என்று பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை. இந்த அடுக்கு ரகங்களை விதை போட்டு எடுத்தால் தாய்ச்செடி மாதிரியே வரும் என்று நம்ப முடியாது, ஒட்டுதான் கட்ட வேண்டும். அந்த வேலையை ஒரு அம்மா சாக்கு விரித்து உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார். கையில் பாதியாக உடைத்த பிளேடு. சாதா அடினியம் நாற்றின் தலையைச் சீவினார், நடுவில் ஒரு கீறல், ஆப்பு மாதிரி சீவிய ஒரு அங்குலத் துண்டை அதில் இறக்கினார், மெல்லிய பாலித்தீன் நாடாவை இழுத்துச் சுற்றினார், மேலே சின்ன பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டினார். அவ்வளவுதான், அடுத்த செடி. ஒவ்வொரு வெட்டுக்கும் வழிகிற வெள்ளைப் பாலைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவ இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வீட்டில் குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு ஒட்டு அடினியம் 120லிருந்து 250 வரை, இதழையும் நிறத்தையும் பொறுத்து. சென்னையில் இதற்கு 500க்குக் குறைவாக நான் பார்த்ததில்லை. இன்னொன்று, ஒட்டு அடினியம் வாங்கும்போது ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கீழே வருகிற துளிர் சாதா ரகம், அதை விட்டுவைத்தால் மேலே இருக்கிற நல்ல ரகத்தைச் சாப்பிட்டுவிடும்.

அப்புறம் அக்லோனிமா. நாங்கள் இதற்காகத்தானே வந்தோம். பச்சை, வெள்ளிக் கோடு ரகங்கள் நம் பாட்டி காலத்திலிருந்தே இருக்கின்றன. சிவப்பு வந்தது சுமத்ராவின் காட்டுச்செடி ஒன்றைக் கலந்த பிறகுதான். இந்தோனேசியாவின் கிரெகோரி ஹம்பாலி 1980களில் உருவாக்கிய 'பிரைட் ஆஃப் சுமத்ரா'தான் சிவப்பு அக்லோனிமாவுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த ரகம், அதற்குப் பிறகு தாய்லாந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இங்கே 'ரெட் லிப்ஸ்டிக்' 90 ரூபாய்! நாலு இலை இல்லை, புதர் மாதிரி அடர்ந்தது. அண்ணி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இலை முழுக்க ரோஸ் நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருக்கும் ரகங்கள் 150, 200. சிவப்பு ரகங்களுக்குப் பச்சை ரகத்தைவிட வெளிச்சம் அதிகம் வேண்டும், ஆனால் நேர் வெயில் பட்டால் இலை கருகும். பால்கனியில் கிழக்குப் பக்கம் வைத்தால் சரியாக இருக்கும்.

கருப்பு ஸீஸீயைப் பற்றி ஒரு விஷயம். 'ரேவன்' என்று விற்கிறார்கள். புதுத் துளிர் பளிச்சென்ற பச்சையில் வந்து, போகப் போகக் கருப்பாக மாறும். பச்சைத் துளிரைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். மறந்துபோய் தண்ணீர் விடாமல் விட்டாலும் பிழைக்கிற செடி இது, வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல செடி கிடையாது.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். வேறொரு நர்சரியில் முழு இலையும் ரோஸ் நிறத்தில் மின்னுகிற பிலோடென்ட்ரான் வைத்திருந்தார்கள். 'பிங்க் காங்கோ', புது ரகம், 800 ரூபாய். இது ரகமே இல்லை! ரசாயனம் கொடுத்து இலையின் பச்சையத்தைத் தடுத்து எடுக்கிற நிறம் அது. சில மாதம் கழித்து வருகிற இலையெல்லாம் சாதாப் பச்சையாக வரும், மறுபடி ரோஸ் திரும்பாது. இதைச் சொன்னதும் கடை ஆள் சிரித்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். தெரிந்தே விற்கிறார்கள், எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. 'பிங்க் பிரின்சஸ்' என்பது வேறு, அது நிஜமான ரகம், கரும்பச்சை இலையில் ரோஸ் திட்டுகள் இருக்கும். அதிலும் முழு ரோஸாக வரும் இலையில் பச்சையம் இருக்காது, செடிக்குச் சாப்பாடு தயாரிக்காது, அதனால் திட்டுத்திட்டாக இருக்கிற செடியாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளைப் புள்ளி தெளித்த மான்ஸ்டெரா, 'தாய் கான்ஸ்டலேஷன்', சில வருடம் முன்பு ஆயிரக்கணக்கில் விலை சொன்ன செடி. ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் நிறைய எடுக்க ஆரம்பித்த பிறகு விலை சரிந்துகொண்டே வருகிறது. நான் வாங்கவில்லை, இன்னும் இறங்கும். எந்தப் புது ரகத்தையும் வந்த வருடமே வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. ஆய்வகத்தில் எடுக்கிற செடி என்றால் பொறுத்திருப்பவருக்குத்தான் லாபம்.

அதே மாதிரி 'மேரி பால்மர்' காகிதப்பூவைப் புது ரகம் என்று ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். ஒரே செடியில் வெள்ளையும் ரோஸும் பூக்கும் அழகான ரகம், மறுக்கவில்லை, ஆனால் அது கொல்கத்தாவில் ஒரு பழைய ரகத்தின் கிளையில் தானாக மாறி வந்து, பல தலைமுறையாக நம் நாட்டில் இருப்பது. செடி நல்ல செடி, 60 ரூபாய்க்கு வாங்கினேன். மொட்டை மாடி வெயிலுக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'டோன்யா அரோரா' முசாண்டாவும் அப்படித்தான், பிலிப்பைன்ஸின் முன்னாள் ஜனாதிபதி கேசோனின் மனைவி பெயரில் இருக்கிற வெள்ளை ரகம். வெள்ளையாகத் தொங்குவது இதழ் இல்லை, நடுவில் இருக்கிற சின்ன மஞ்சள்தான் பூ. அதுவும் வண்டியில் ஏறியது.

மதியச் சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. ராஜமுந்திரி திரும்பி ஒரு சின்ன மெஸ்ஸில் உட்கார்ந்தோம். பலா மூசுவைப் பூப்பூவாகக் கொத்தி, கடுகு அரைத்து விட்டுத் தாளித்த பனசப்பொட்டு கூர (கறி), கோங்குரா, பருப்பு, பொடி, மேலே நெய். கடுகின் காரம் மூக்கில் ஏறக் கண்ணீரோடு சாப்பிட்டோம், 120 ரூபாய்க்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். சென்னையில் இந்தக் கறி எங்கேயாவது கிடைத்தால் சொல்லுங்கள். ஆத்ரேயபுரம் பூதரேக்குலுவும் வாங்கினோம், புவிசார் குறியீடு வாங்கிய இனிப்பு, அரிசி மாவுத் தாள்களுக்கு நடுவே நெய்யும் வெல்லமும். நெய் ஊறி அட்டைப் பெட்டியே ஈரமாகிவிட்டது. செடியோடு ஒரே பையில் வைக்காதீர்கள், எறும்பு.

கொண்டுவருவதுதான் பெரிய பாடு. செடிகள் எல்லாம் பிசுபிசுப்பான களிமண் உருண்டையில் இருக்கும், கனம் அதிகம். கையில் அடங்குகிற சின்னச் செடிகளைக் காகிதம் சுற்றி அட்டைப் பெட்டியில் ரயிலில் கொண்டுவந்தோம், அடினியத்தில் பாதியை மண் உதிர்த்து வெறும் வேரோடு கொடுத்தார்கள், அது தாங்கும். பெரிய முசாண்டா, காகிதப்பூ எல்லாம் சென்னை லோடு லாரியில் போட்டுவிட்டார் அந்தத் தமிழ் பேசினவர், ஒரு செடிக்கு 30 ரூபாய். சொன்ன நாளில் வந்து சேர்ந்தது, முசாண்டாவில் ஒரு கிளை மட்டும் முறிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி மாற்ற ஓடாதீர்கள். பத்து நாள் நிழலில் விட்டு, புதுத் துளிர் எட்டிப் பார்த்த பிறகு மாற்றுங்கள். மாற்றும்போது அந்தக் களிமண்ணை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பாதிக்கு மேல் மெதுவாகக் கரைத்து எடுத்துவிடுங்கள். அதை அப்படியே வைத்துச் சுற்றிலும் தென்னை நார்க்கழிவு போட்டால் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே களிமண் ஈரம் பிடித்துக்கொண்டே இருக்கும், வேர் அழுகிவிடும். கடியம் செடி வீட்டுக்கு வந்தால் செத்துப்போகிறது என்று நிறையப் பேர் புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

செலவுக் கணக்கு: ரயில், தங்கல், சாப்பாடு, ஆட்டோ தண்டம் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 4,500 ஆனது, செடிகளுக்கு 3,800, லாரிக்குத் தனி. அதே செடிகளைச் சென்னையில் விலை விசாரித்தபோது பத்தாயிரத்தைத் தாண்டியது. நாலைந்து செடிக்காகப் போகிறீர்கள் என்றால் கட்டுப்படியாகாது, மாடித் தோட்டம் போடுகிற நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பட்டியலோடு போனால் கண்டிப்பாக லாபம். அல்லிக்குளம் வைக்கிறவர்கள் தாய்லாந்து அல்லிக் கிழங்குகளுக்கும் அங்கே சொல்லிவைக்கலாம். எங்களுக்கு அந்தப் பந்தலுக்குப் போக நேரமில்லை, அண்ணி இப்போதே மழைக்காலத்துக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.