ஒரு திகதிக்காக இரண்டு பயணங்கள்

கொழும்பில் முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் விழாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த கட்டுரைக்கு வீரகேசரிப் பத்திரிகையின் பழைய செய்தி ஒன்று தேவைப்பட்டது. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும் தேரை மக்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்று விவரிக்கும் அந்தச் செய்தியைப் பல ஆண்டுகளுக்கு முன் நானே நூலகத்தில் அமர்ந்து குறித்து வைத்திருந்தேன். குறிப்புச் செயலியில் செய்தியின் சாரம் இருந்தது, திகதி இல்லை. வேறு வழியின்றி வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி நூலகத்துக்குப் போனேன். ஆண்டு தெரியாமல் பத்திரிகைத் தொகுதிகளை எடுத்துத் தர இயலாது என்றார் கருமபீடத்தில் இருந்தவர். ஆடிவேல் என்றால் யூலை, ஓகஸ்ட் மாதங்கள்தானே, 1950களின் தொகுதிகளை ஒவ்வொன்றாகத் தாருங்கள் என்று கேட்டும் அவர் அசையவில்லை. ஒரு நாள் முழுவதும் வீணானது. அவர்மீது இருந்த கோபம் தணிந்துவிட்டது, என் குறிப்புகள்மீது ஏற்பட்ட கோபம் இன்னும் தணியவில்லை.

ஜேர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 குறிப்பட்டைகளைச் சேர்த்து, அவற்றிலிருந்தே தம் நூல்களை எழுதினார் என்று அறிந்த நாளிலிருந்து நானும் அப்படியொரு களஞ்சியத்தைக் கட்ட விரும்பினேன். பிரிவுகள், உட்பிரிவுகள், 140க்கும் மேற்பட்ட குறிச்சொற்கள் என்று அது வளர்ந்தது. ஒரு குறிப்பை எந்தப் பிரிவில் இடுவது என்று தீர்மானிக்கச் செலவிட்ட நேரத்தில் அதைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருக்கலாம். போதாக்குறைக்கு எல்லாம் இணையத்திலேயே கிடந்தன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, மடிக்கணினியில் மின்கலம் மிச்சமிருந்தும் என் குறிப்புகளில் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. அதன் பிறகே ஒரே கோப்புறை, அதனுள் எளிய உரைக் கோப்புகள், வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு பிரதி என்ற ஏற்பாட்டுக்கு வந்தேன். மாற்றும் வேலை ஒரு மாலையில் முடிந்தது.

ஆனால் தேடல் சரிவரவில்லை. இதைத் தமிழில் குறிப்பெடுப்பவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். என் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே. ஆகவே இன்று பொதுவாக வழங்கும் யுனிகோட் குறியீட்டுத் தமிழில் எதைத் தேடினாலும் அவை அகப்படமாட்டா. பாமினியை யுனிகோட்டாக்கும் செயலியில் இட்டு மாற்றும்போதும் கவனம் தேவை: இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் பொருளற்ற தமிழாகிவிடும். மூலக் கோப்பை அழிக்கவே கூடாது. யுனிகோட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் சில செயலிகளில் ஒரு வடிவத்தைத் தேடினால் மற்றது கிடைக்காது. அதனால் ‘கொழும்பு’ என்று தேடிய எனக்குப் பாதிக் குறிப்புகளே கிடைத்தன. வேற்றுமை உருபுகள் இன்னொரு தடை. ‘தேர்’ என்று தேடினால் ‘தேரில்’, ‘தேரை’ என்பவை வருவதில்லை, ஏனெனில் அங்கே ரகரத்தின்மேல் புள்ளி இல்லை. இப்போது ‘தேர’, ‘நூலக’ என்று சொல்லின் இறுதியைக் குறைத்துத் தேடுகிறேன். வேண்டாதவை சில வந்தாலும் வேண்டியது தப்புவதில்லை. செட்டியார் தெரு, செட்டித்தெரு என இரு வழக்குள்ள பெயர்களைக் குறிப்பின் அடியில் ஒரே வரியில் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

குறிச்சொற்கள் அனைத்தையும் நீக்கினேன். ஒவ்வொரு குறிப்பின் முதல் வரியிலும் மூலம், திகதி, பக்கம், நான் பார்த்த நாள் ஆகியவை இருக்கும். அவை இல்லாமல் இரண்டாவது வரியை எழுதுவதில்லை. மேற்கோளைத் தனியே பிரித்து வைத்து, அதன்கீழ் அது எனக்கு எதற்குப் பயன்படும் என்பதை என் சொற்களில் ஒரு முழு வாக்கியமாக எழுதுகிறேன். கட்டுரை எழுதத் தொடங்கும்போது பல இடங்களில் அந்த வாக்கியமே பந்தியின் தொடக்கமாகிவிடுகிறது. ஆறு மாதமாக இதற்குமேல் எதையும் சேர்க்கும் தேவை எனக்கு எழவில்லை.

பாமினிக் கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்த மூன்றாம் நாள் இரவு, வேறொரு கட்டுரையின் பழைய வரைவில் அந்த வீரகேசரிச் செய்தியின் திகதியும் பக்க இலக்கமும் கிடைத்தன. மறுநாள் அதே கருமபீடத்துக்குப் போய்ப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அரை மணிநேரத்துக்குள் தொகுதி மேசைக்கு வந்தது. நான் தேடிய செய்தி, குறித்து வைத்த அதே பக்கத்திலேயே இருந்தது.