குலைநோய்ப் பூஞ்சையும் மரப்பொந்துச் சிலந்தியும்

வேளாண் கல்லூரி ஒன்றின் தாவர நோயியல் ஆய்வகத்தில் நெற்பயிரின் குலைநோய்ப் பூஞ்சையை வளர்த்துக் கவனிப்பதே பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. பக்கத்துப் பூச்சியியல் அறையில், மரப்பொந்துகளில் வாழும் பொயிசிலோதீரியா ரீகாலிஸ் என்ற டரான்டுலா வகைச் சிலந்தி ஒன்று எரிசாராயப் புட்டியில் கிடந்தது. இவ்விரண்டுக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்டால் மாணவர்கள் உடனே கைட்டின் என்ற உறுதியான பொருள் என்பார்கள். பூஞ்சையின் செல்சுவரிலும் சிலந்தியின் புறக்கூட்டிலும் அது இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் அந்த விடை எதையும் விளக்குவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வைப்பது திரவ அழுத்தமே.

பிளாஸ்டிக் கவர் ஸ்லிப்பில் ஒரு நீர்த்துளியில் பூஞ்சையின் வித்துகளை இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பேரிக்காய் வடிவிலான மூன்று செல் வித்திலிருந்து ஒரு குழாய் நீண்டு, அதன் நுனி சிறு குமிழாகப் பருத்து, மறுநாள் காலைக்குள் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு மெலனின் என்ற நிறமி. உள்ளே சேரும் கிளிசராலை அது வெளியே கசியவிடாமல் தடுப்பதால் நீர் உட்புகுந்து அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறுகிறது. கார் டயரில் உள்ளதைப்போல் 30 மடங்குக்கும் மேல். அவ்வளவும் அடியிலுள்ள ஒரு மெல்லிய முளையின் வழியே இலைத்தோலைத் துளைக்கச் செலவாகிறது.

செத்த சிலந்தியின் கால்கள் ஏன் உட்புறம் மடங்கியிருக்கின்றன என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். காலின் முக்கிய மூட்டுகள் இரண்டில் மடக்கும் தசைகள் உண்டு, நீட்டும் தசைகள் இல்லை; உடல் திரவத்தைக் கால்களுக்குள் அழுத்தியே சிலந்தி அவற்றை நீட்டுகிறது. உயிர் போனதும் அழுத்தம் போய்விடும். அடிவயிறு கிழிந்து திரவம் ஒழுகினாலும் அது நடை தளர்ந்துவிடும். பூஞ்சையோடு ஒப்பிட்டால் இந்த அழுத்தம் மிகக் குறைவு. ஆயினும் ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்க வேண்டியது என்பதால், எனக்கு இதுவே நுட்பமான வேலையாகத் தோன்றும்.

பூஞ்சைக்குத் தேவை ஒரே ஒரு துளைப்பு. ட்ரைசைக்லசோல் என்ற பூஞ்சைக்கொல்லி அந்த இடத்தில்தான் கைவைக்கிறது: அது மெலனின் உருவாவதைத் தடுப்பதால் குமிழால் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் போகிறது, ஏற்கெனவே உள்ளே புகுந்த பூஞ்சையை அது பெரிதாகப் பாதிப்பதில்லை. கதிரின் கழுத்து கறுத்த பிறகு அதை ஒடித்துக்கொண்டு வந்து, “இப்ப அடிச்சா கேக்குமா சார்?” என்று கேட்ட விவசாயிகளிடம், கதிர் வெளிவருமுன், தொண்டைக்கதிரிலேயே அடித்திருக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடிந்தது.