மழை இல்லாத மாதங்களில் எழுதிய அறிக்கை: நாட்குறிப்பு

ஜூன் 10, 2025

நேற்று சாயங்காலம் ஒரு புதுக் கோப்பு என்னிடம் வந்தது. தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம், 660 மெகாவாட் அலகுகள். வேலை நடந்துகொண்டிருக்கும் கோப்பு என்பதால் நிறுவனத்தின் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதப் போவதில்லை. மற்றதெல்லாம் மக்கள் பார்வைக்கு வைக்கிற ஆவணங்களில் இருப்பதுதான், எழுதலாம்.

நிறையப் பேர் நினைக்கிற மாதிரி சுற்றுச்சூழல் அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் இருக்கிற எங்கள் கையில் இல்லை. 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலக்கரித் திட்டங்கள் 'ஏ' பிரிவு. டெல்லியில் நிபுணர் மதிப்பீட்டுக் குழு பரிசீலிக்கும், மத்திய அமைச்சகம் முடிவெடுக்கும். மாவட்டத்தில் நாங்கள் நடத்துவது கருத்துக்கேட்புக் கூட்டம். நிறுவனம் கேட்டதிலிருந்து 45 நாளுக்குள் கூட்டம் முடிந்திருக்க வேண்டும், அதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும், முடிந்த 8 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு மேலே போய்ச் சேர வேண்டும். தபால்காரர் வேலை என்று அலுவலகத்திலேயே சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அந்த மண்ணில் வாழ்கிறவர்கள் சொல்வது கோப்புக்குள் நுழைய இருக்கிற ஒரே வழி இந்தக் கூட்டம்தான்.

ஜூன் 12

இரண்டு நாளாக நிறுவனம் கொடுத்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்கிறேன். காற்று, நீர், மண், சத்தம், பறவைகள், மீன்வளம் என்று எல்லா அத்தியாயமும் இருக்கிறது. திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஆய்வு எல்லை. அடிப்படைத் தரவு எடுத்த காலம் மார்ச் முதல் மே வரை.

விதியில் இது தவறில்லை. பருவமழை அல்லாத ஒரு பருவத்தின் தரவு போதும் என்றுதான் இருக்கிறது. அகில இந்தியக் கணக்கில் பருவமழை என்றால் ஜூன் முதல் செப்டம்பர். ஆனால் நமக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தானே. அந்த மாதங்களில் தரவு எடுக்க விதி தடுக்கவே இல்லை, இருந்தும் என் மேசைக்கு வரும் அறிக்கைகளில் பெரும்பாலும் பங்குனி வெயில்தான் அடிக்கிறது. குளம் வற்றி, ஓடை மண்மூடி, வலசை வந்த பறவையெல்லாம் கிளம்பிப் போகிற நேரத்தில் இங்கே வந்து நின்றால் யாருக்கும் இது வெறும் பொட்டல் என்றுதான் தோன்றும். "திட்டப் பகுதிக்குள் நிரந்தர நீரோட்டம் ஏதுமில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. மே மாதத்தில் அது உண்மைதான்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற நேரத்தில் மீன் இறங்குதளத்தில் எடுத்த கணக்கு மீன்வள அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரு எண்ணும் பொய்யில்லை. எந்த மாதத்தில் எண்ணினார்கள் என்பதில்தான் எல்லாமே மாறிப்போகிறது.

ஜூன் 17

இன்று இடத்தைப் பார்க்கப் போனோம். வி.ஏ.ஓ., சர்வேயர், நிறுவனத்தின் பொறியாளர்கள், எங்கள் அலுவலகத்திலிருந்து நானும் இன்னொருவரும். கச்சான் காற்று வெளுத்து வாங்கியது, தேரி மணல் முகத்தில் அறைந்தது. தேரிக்காட்டைப் பார்க்காதவர்களுக்கு: செக்கச் சிவந்த மணல்மேடுகள், அதில் பனையும் உடைமரமும், மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். மணல் என்பதால் மழை பெய்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும், வாங்கி முடிந்த மிச்சம் தாழ்ந்த பக்கமாக ஓடும்.

சாம்பல் குளம் வரப்போகிற மூலையில் நின்று வரைபடத்தைப் பிரித்தோம். சர்வேயர் தன்னிடமிருந்த பழைய புலப்படத்தைக் காட்டினார். அதில் அந்த மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடைப் புறம்போக்கு போகிறது. தரையில் பார்த்தால் லேசான பள்ளம், சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். நிறுவனத்துப் பொறியாளர் நல்ல மனிதர், இளைஞர், "மேடம், இதில் தண்ணீர் வந்து வருஷக்கணக்காச்சுன்னு சொன்னாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தவர்களாம்.

பக்கத்து விளையில் ஒரு பெரியவர் பனையிலிருந்து இறங்கி வந்தார். சீசன் முடியப்போகிறது, இன்னும் கொஞ்சம் பதநீர் இருக்கிறது என்று பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். ஓடையைப் பற்றிக் கேட்டேன். "யம்மா, நீங்க வெயில் காலத்துல வந்து பாக்கிய. அந்த மார்கழியில இங்கன நிக்க முடியுமா? இந்தப் பனையில இம்புட்டு உயரம் தண்ணி" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அவர் சொன்னது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்த மழை. இந்த மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் தண்ணீருக்கு நடுவே நின்றுபோனதை நாடே பார்த்தது. அறிக்கையில் அந்த இரண்டு நாளைத் தேடினேன். மழையளவு அட்டவணையில் பல வருட சராசரி இருக்கிறது. அந்த இரண்டு நாள் இல்லை.

ஜூன் 18

சாம்பல் குளம் எதற்கு இவ்வளவு முக்கியம் என்று தங்கை கேட்டாள். நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடச் சாம்பலாக மிஞ்சும். இறக்குமதி நிலக்கரியில் குறைவு. சிமென்ட், செங்கல் என்று முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என 2021 டிசம்பர் அறிவிக்கை சொல்கிறது, ஆனாலும் போகாத சாம்பலைத் தேக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்துச் சிங்க்ரௌலியில் சாம்பல் தேக்கத்தின் கரை உடைந்து உயிர்கள் போயின. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் படிந்த சாம்பலை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். ஓடை மேல் கரை கட்டினால் ஓடை ஒருநாள் வந்து கேட்கும்.

ஜூன் 20

அறிவிப்பு நாளிதழ்களில் வந்துவிட்டது. கூட்டம் ஜூலை 22. அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தில் சாம்பல் குளத்தின் இடம் காட்டும் வரைபடம் இல்லாமல் இருந்தது, சேர்க்கச் சொல்லிக் கடிதம் போட்டோம், சேர்த்துவிட்டார்கள். பிரதிகள் ஆட்சியர் அலுவலகத்திலும் மற்ற அலுவலகங்களிலும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் படிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தயவுசெய்து போய்ப் படியுங்கள்.

ஜூன் 27

கடலோரக் குடியிருப்பில் நோட்டீஸ் ஒட்டப் போயிருந்தோம். காற்று பலமாக இருந்ததால் வள்ளங்கள் பல கரையில் கிடந்தன, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். நான் கருத்து எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் அறிக்கையில் இருப்பதை விளக்கலாம், அது என் கடமையும் கூட.

ஒரு அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வியே நேராக விஷயத்துக்கு வந்தது: "கடல்ல இருந்து தண்ணியை எவ்வளவு ஆழத்துல உறிஞ்சுவாவ?" சூடான தண்ணீர் வெளியே வருவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அவருக்கு உள்ளே போகிற தண்ணீர்தான் கவலை, ஏனென்றால் அதோடு மீன் முட்டையும் நண்டுக் குஞ்சும் சேர்ந்து போகும். கடல்நீரைக் குளிர்விப்புக்கு எடுக்கும் புதிய நிலையங்கள் திருப்பி விடுகிற நீர், கடலின் வெப்பத்தைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது என்பது விதி. அதைச் சொன்னேன். "7 டிகிரின்னா சித்திரையிலயுமா?" என்றார் இன்னொருவர். ஆமாம், விதியில் சித்திரை, மார்கழி என்ற பேதம் இல்லை.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை வெளுப்பதே கோடையில் கடல் சூடாகிற மாதங்களில்தான். 2010, 2016, 2024 வெளுப்பெல்லாம் கோடையில் வந்தவை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் ஏற்கெனவே கடலுக்கடியில் போய்விட்டன. கடல் ஏற்கெனவே தாங்க முடியாத சூட்டில் இருக்கும்போது அதற்கு மேல் எத்தனை டிகிரி என்று கேட்க வேண்டியது டெல்லிக் குழு. வள்ளத்துக்காரர் முதலில் கேட்டுவிட்டார். இதைக் கூட்டத்தில் வந்து இதே மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 5

நண்பர் ஒருவர், "நிலக்கரியை விடு, சூரிய மின்சாரம் வந்துவிட்டால் உனக்கு வேலையே இருக்காது" என்றார். எனக்கும் நிலக்கரி போக வேண்டும், சூரிய ஒளியும் காற்றும் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் 2006 அறிவிக்கையின் கீழ் சூரிய மின் நிலையத்துக்கும் காற்றாலைக்கும் முன் அனுமதியும் கிடையாது, கருத்துக்கேட்பும் கிடையாது. கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் 2016-இல் வந்தது. அனல்மின் நிலையத்துக்கு இருக்கிற அவ்வளவு பெரிய நடைமுறை இதற்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரில் வேலி போடும் முன் குளத்துக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் எது, நிறைந்து வழிகிற மறுகால் எது என்று புலப்படத்தை வைத்து ஒரு மழைக்காலத்தில் நடந்து பார்ப்பதை விதியாக்கலாம். பெரிய செலவில்லை. தென்மாவட்டங்களில் ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற அமைப்பு, நடுவில் ஒரு வாய்க்காலை அடைத்தால் கீழே உள்ள அத்தனை குளமும் காயும்.

ஜூலை 14

11-ஆம் தேதி கந்தக டை ஆக்சைடு விதியை மாற்றி அறிவிக்கை வந்திருக்கிறது. 2015-இல் எல்லா அனல்மின் நிலையத்துக்கும் வரம்பு வைத்து, அதற்குப் பிறகு காலக்கெடுவைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். இப்போது பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கி உயரம் சரியாக இருந்தால் போதும் என்று விலக்கு. பெருநகரங்களுக்கும் தூத்துக்குடி மாதிரி காற்றுத்தர இலக்கை எட்டாத நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் வேறு கணக்கு. நம் கோப்பின் இடம் அந்த 10 கிலோமீட்டருக்கு வெளியே. உயரமான புகைபோக்கி கந்தகத்தைக் குறைக்காது, தூரத்தில் கொண்டுபோய்ப் போடும். எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை.

ஜூலை 22, இரவு

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். தூக்கம் வரவில்லை, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மண்டபம் நிரம்பி வெளியே பந்தலிலும் ஆட்கள். ஆட்சியர் தலைமை, முழுக்க வீடியோ பதிவு. வேலை வேண்டும் என்று ஆதரித்துப் பேசிய பையன்கள் நிறையப் பேர் இருந்தார்கள், ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்த் திரும்பியவர்கள். அவர்களைக் காசு வாங்கி வந்த கூட்டம் என்று சிலர் கத்தியது தவறு. ஒருவன் பேசும்போது குரல் நடுங்கியது, அவன் கேட்டதும் நியாயம்: எத்தனை நிரந்தர வேலை, உள்ளூருக்கு எத்தனை, எழுதித் தருவீர்களா? நிறுவனத்தின் பதிலில் எண் வரவில்லை.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா வந்து, 2023 வெள்ளத்தில் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரம் எல்லாம் கரைந்துபோனதைச் சொன்னார். "வெறும் தண்ணி வந்ததுக்கே நாங்க எந்திரிக்க ரெண்டு வருஷமாச்சு, சாம்பத் தண்ணி வந்தா பாத்தி என்னத்துக்கு ஆகும்?" உப்பளம் 10 கிலோமீட்டர் ஆய்வு எல்லைக்குள் இருக்கிறது. அறிக்கையில் நிலப் பயன்பாட்டு அட்டவணையில் ஒரு சதவீத எண்ணாக மட்டும்.

வள்ளத்து அண்ணாச்சி தன் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வந்து வாசித்தார். பனையேறும் பெரியவரும் வந்திருந்தார். மைக்கைப் பிடித்ததும் கொஞ்சம் தடுமாறினார், பிறகு ஓடை எங்கே ஆரம்பித்து யார் யார் விளை வழியாக எந்தக் குளத்து மறுகாலோடு சேர்கிறது என்று வரிசையாகச் சொன்னார். ஆட்சியர் சர்வே எண் கேட்டார். அவர் பேரன் எழுந்து எண்களைச் சொன்னான். வி.ஏ.ஓ. பதிவேட்டைப் பார்த்து, ஆமாம், ஓடைப் புறம்போக்குதான் என்றார். மண்டபத்தில் கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரமானது.

கடைசியில் எழுப்பப்பட்ட விஷயங்களைத் தொகுத்து அங்கேயே தமிழில் வாசித்துக் காட்டி, ஆட்சியர் அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். வரைவில் யாரோ "வெள்ளம் குறித்துச் சிலர் கவலை தெரிவித்தனர்" என்று எழுதியிருந்தார்கள். அப்படிப் போனால் டெல்லியில் அதற்கு "உரிய வடிகால் வசதி செய்யப்படும்" என்று ஒரு வரி பதில் வரும், கதை முடிந்துவிடும். நான் மாற்றி எழுதக் கேட்டேன்: சர்வே எண்கள், ஓடையின் போக்கு, 2023 டிசம்பரில் நின்ற தண்ணீரின் உயரம், வி.ஏ.ஓ. உறுதி செய்தது, தரவு மார்ச்–மே மாதங்களில் எடுக்கப்பட்டது என்ற ஆட்சேபம். ஆட்சியர் சரி என்றார். அப்படியே வாசித்தார்கள்.

ஜூலை 29

எழுத்து மூலம் வந்த மனுக்கள், வீடியோ, குறிப்பு எல்லாம் சேர்த்து அனுப்பியாகிவிட்டது. கையால் எழுதிய மனுக்கள் ஒன்றுவிடாமல் ஸ்கேன் செய்து, தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன்.

செப்டம்பர் 18

நிறுவனத்தின் இறுதி அறிக்கை வந்திருக்கிறது. ஓடைக்குப் பதில்: மாற்றுக் கால்வாய் வெட்டி ஓடையைத் திருப்பிவிடுவார்களாம், அகலம் ஆழம் எல்லாம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு எடுத்த மழையளவு எது என்று தேடினேன். இன்னும் அந்தப் பழைய சராசரிதான். 7 டிகிரிக்கான மாதிரிக் கணக்கில் ஏப்ரல், மே கடல் வெப்பத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அண்ணாச்சியின் கேள்விக்கு அது நேரான பலன், சந்தோஷமாக இருக்கிறது. உள்ளே எடுக்கும் நீரின் வேகத்தைக் குறைப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

இனி நிபுணர் குழுவின் கூட்டம். கூடுதல் ஆய்வு கேட்கவும் நேரில் வந்து பார்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்த ஓடையில் நீர் அளந்துவிட்டுத்தான் கரையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

அந்தப் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். 2023 வெள்ளத்தின்போது போனில் எடுத்த வீடியோவும் படமும் பலரிடம் இருக்கும். அழித்துவிடாதீர்கள். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த சர்வே எண் அருகில் எடுத்தது என்று எழுதி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் அந்தக் குழுவின் உறுப்பினர் செயலருக்கு அனுப்புங்கள். நகல் ஒன்றை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.