மியூராவின் இமைகள்

லம்போர்கினி மியூராவின் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதே இல்லை. 1966 ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான கார். வடிவமைத்தவர் பெர்டோனே நிறுவனத்தின் மார்செல்லோ காந்தினி. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை!

அந்த முகப்பு விளக்குகளைப் பாருங்கள். அணைந்திருக்கும்போது வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும், போட்டால்தான் எழும். சுற்றிலும் கறுப்புப் பட்டைகள், மை தீட்டிய இமை மாதிரி. 1971-இல் வந்த மியூரா எஸ்வி மாடலில் அந்தப் பட்டைகளை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்னமும் வருத்தம்தான்.

ஆனால் பெரிய துணிச்சல் பின்னால் இருக்கிறது. 3.9 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் குறுக்காக வைத்தார் லம்போர்கினியின் பொறியாளர் ஜியான் பாவ்லோ டல்லாரா. இடம் பற்றவில்லை. அதனால் கியர்பாக்ஸையும் எஞ்சினோடு ஒரே வார்ப்பாகச் செய்து, இரண்டும் ஒரே ஆயிலில் ஓடும்படி விட்டார்கள்.

குறையும் உண்டு. பெட்ரோல் டேங்க் முன்பக்கம் என்பதால், பெட்ரோல் குறையக் குறைய அதிவேகத்தில் மூக்கு தூக்கும். சரி, இருக்கட்டும். அதற்கப்புறம் எத்தனையோ சூப்பர் கார்கள் வந்துவிட்டன, இதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.