கடைசிச் சீட்டு

30 நவம்பர் 2025, ஞாயிறு
பெங்களூரு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு என்பதால் சிவாஜிநகரில் தமிழ்த் திருப்பலிக்குப் போய்வந்தேன். கத்தோலிக்கத் திருச்சபை கொண்டாடும் 2025ஆம் யூபிலி ஆண்டின் கருப்பொருள் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்றிருப்பதால், 'எதிர்நோக்கு' என்ற சொல் ஆண்டு முழுவதும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பாளையங்கோட்டையில் புராட்டஸ்டண்ட் பிரிவான சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த அம்மாவுக்கு அது பிடிப்பதில்லை. "நம்பிக்கைன்னா என்னட்டி குறைச்சல்?" என்று கேட்கிறார்.

அவருடைய பழைய வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13:13 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்கிறது. நான் வாழ்க்கைப்பட்ட கத்தோலிக்க வீட்டின் திருவிவிலியத்தில் அதே வசனம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்றிருக்கிறது. ஆக, நாங்கள் இருவரும் இத்தனை ஆண்டுகளாக 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லைச் சொல்லி வெவ்வேறு பொருளில் பேசிவந்திருக்கிறோம்.

4 டிசம்பர், வியாழன்

அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். சிறுநீரகங்கள் இனித் தேறப்போவதில்லை என்பதை மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அப்படியிருக்க, அம்மாவுக்காக நான் எதை எதிர்நோக்க வேண்டும் என்ற கேள்வியோடு அவர் கட்டிலருகே விவிலியத்தில் எரேமியா இறைவாக்கினரின் நூலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நம் வீடுகளின் நாட்காட்டிகளில், நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 தவறாமல் இடம்பெறுகிறது. அதற்கு முன் பாபிலோனில் 70 ஆண்டுகள் நிறைவேற வேண்டும் என்று சொல்லும் முந்தைய வசனத்தை யாரும் அச்சிடுவதில்லை. (வாக்குத்தத்த அட்டைகளில் இத்தகைய கசப்புக்கு இடம் கிடையாது.) என்னை நிறுத்தியது 32ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காகவே எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நிலையில் ஆனதோத்திலுள்ள உறவினரின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கி, பத்திரம் நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் செய்கிறார். நகரம் தப்பிவிடும் என்று அவர் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அழிவை அறிந்தே வாங்கினார். நலம் உண்டாகும் என்ற எதிர்பார்ப்பும் இந்த எதிர்நோக்கும் ஒன்றல்ல என்று தோன்றுகிறது.

14 டிசம்பர், ஞாயிறு

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு; இளஞ்சிவப்பு மெழுகுதிரி ஏற்றும் நாள்.

மாலையில் எதிர்வீட்டு அக்கா புதிய ஏலச்சீட்டுக்கு ஆள் சேர்க்க வந்தார். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய். அவசரம் உள்ளவர்கள் தள்ளிக் கேட்டு, அதாவது தொகையைக் குறைத்துக்கொண்டு, முதலிலேயே எடுத்துவிடுவார்கள். காத்திருப்பவருக்கே ஏறக்குறைய முழுத்தொகையும் கிடைக்கும். கட்டிலில் படுத்திருந்த அம்மா, "எனக்குக் கடைசிச் சீட்டு" என்றார்.

நான் மனத்துக்குள் மாதங்களை எண்ணினேன்: 2027 ஜூலை. எண்ணியதை அம்மா என் முகத்தில் கண்டுகொண்டார். "நான் இல்லேன்னா நீ வாங்கிக்கோ. கட்டுறத நிறுத்திராத" என்று சொல்லிவிட்டு, நாளைக் காலை இட்லிக்கு அரிசி போட்டாயிற்றா என்று கேட்டார். நான் போடவில்லை. முதல் தவணையைக் குறித்த சீட்டுப் புத்தகத்தை அவருடைய மாத்திரைகள் இருக்கும் தகர டப்பாவில் வைத்துவிட்டு, அரிசி களையப் போனேன்.